நீலக் கதவும் இரண்டு சர்க்கரைக் கூம்புகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆகியிருக்க வேண்டியதே இல்லை. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டது பயணக் கட்டுரை. 'எஸ்ஸவீராவில் மூன்று நாள்' என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். கோட்டை மதில், பீரங்கிகள், துறைமுகத்து நீலப் படகுகள், சுட்ட மத்தி, நாலு படம். "நீங்கதான் அங்கேயே இருக்கீங்களே, உட்கார்ந்தா முடிஞ்சுது" என்றார்.

அங்கேயே இருப்பதுதான் கோளாறு. கோட்டை மதிலை நான் கடைசியாக நிமிர்ந்து பார்த்தது, மொட்டைமாடிக் கொடியிலிருந்த என் துண்டைக் காற்று அடித்துக்கொண்டு போய் அதன்மேல் போட்ட அன்று. துண்டைப் பற்றி வேண்டுமானால் மூன்று பக்கம் எழுதுவேன்.

சரி, ஊரை விட்டுவிட்டு ஊர் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. என் சிநேகிதி ஒருத்தி சொன்ன விஷயம் கைவசம் இருந்தது. துறைமுகத்தில் மீன் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. செவுளைத் தூக்கிப் பார்த்து "இது நேத்து மீன்" என்று சொல்லிவிட்டால் படகுக்காரர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன். "பேரை மாத்திக்கோ" என்றாள். பத்தூல் என்று மாற்றினேன். "பத்தூலா? நல்லாத்தான் இருக்கு. என் பேரைவிட நல்லா இருக்கு" என்று கொஞ்சம் பொறாமைப்பட்டாள்.

2

தொடக்கங்கள்.

'அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை—' வேண்டாம்.

'விதி சில வேளைகளில் கதவுகளின் உருவில்—' இதுவும் வேண்டாம். இந்தக் கதையில் விதிக்கு வேலையே இல்லை. எல்லாக் கதவுக்கும் ஒரே நீலத்தைப் பூசிவிட்டுப் போன பெயிண்ட்காரர்கள் அந்த வேலையை முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது: அன்வாரும் அவன் அக்கா சுபைதாவும் ஃபெஸ் நகரத்திலிருந்து இரண்டு நாள் ஊர் பார்க்க வந்தார்கள்.

இது போதும். ஆடம்பரம் இல்லை, ஆனால் நடக்கிறது.

3

அன்வார் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். நாற்பது தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன். 'ஆகவில்லை' என்பதைவிட 'அவன் கவனிக்கவில்லை' என்பது சரியாக இருக்கும். ஊர் பார்க்கும் திட்டம் அவனுடையது. மதில்மேல் நடக்க வேண்டும், ராத்திரி தாளக்காரர்கள் வாசிப்பதைக் கேட்க வேண்டும். அக்காவின் திட்டம் வேறு. அவளுடைய பள்ளித் தோழி கென்ஸா இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கென்ஸாவின் மாமியார் போன வாரம் இறந்துபோனார்.

"முதல்ல துக்கம் விசாரிச்சுட்டு வந்துடலாம்டா. அப்புறம் உன் பீரங்கியப் பாரு."

"பீரங்கி எங்கயும் ஓடாதுக்கா."

"சாவு வீடும் ஓடாதுதான். ஆனா கென்ஸா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகமுடியாது. நீலக் காகிதம் சுற்றிய, கல்லாக இறுகிய சர்க்கரைக் கூம்பு இரண்டு வாங்கினார்கள். [இங்கே பிள்ளை பிறந்தாலும் சர்க்கரைக் கூம்பு, பெண் கேட்டாலும் சர்க்கரைக் கூம்பு, ஆள் போனாலும் அதேதான். கடைக்காரர் எதற்கு என்று கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.]

கென்ஸா போனில் வழி சொல்லியிருந்தாள்: ரொட்டி அடுப்புக்காரர் சந்தில் நுழை, நீலக் கதவைத் தட்டு.

சந்து முழுவதும் நீலக் கதவு. பூகோள வாத்தியார் நின்று யோசித்து, திசை பார்த்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றெல்லாம் கணக்கிட்டு, மிகுந்த தன்னம்பிக்கையோடு தவறான கதவைத் தட்டினான்.

4

அது பத்தூலின் வீடு. அன்றைக்கு அவளைப் பெண் கேட்க ஸாஃபி ஊரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. தரகுக்காரம்மா சொல்லியிருந்தது: மாப்பிள்ளையும் அவன் அக்காவும் வருவார்கள்.

(தெரியும். மாப்பிள்ளையும் அக்காவும், இங்கேயும் தம்பியும் அக்காவும். ரொம்ப வசதியாக இருக்கிறதே என்கிறீர்கள். நானும் பத்தூலிடம் அதையே சொன்னேன். "நடந்தது அதான், நான் என்ன பண்ண?" என்றாள். நானாகக் கற்பனை செய்திருந்தால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன்.)

கதவைத் திறந்தவர் பத்தூலின் அப்பா மஹ்ஜூப். மனைவியை இழந்து இரண்டு வருடம் ஆனவர். வாசலில் கண்ணாடி போட்ட ஓர் ஆண், பெரியவளாக ஒரு பெண், கையில் இரண்டு கூம்பு. அவருக்கு வேறென்ன வேண்டும்?

"வாங்க, வாங்க! காத்து உங்களத் தூக்கிட்டுப் போகலயே!"

"போனவங்களுக்கு அல்லா அருள் செய்யட்டும்" என்றாள் சுபைதா, அவரைக் கென்ஸாவின் மாமனார் என்று எண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இதற்கு முன் வந்த எந்தச் சம்பந்தக்காரரும் மஹ்ஜூப்பின் மறைந்த மனைவி யாம்னாவை நினைத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல குடும்பம் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

இந்த ஊரில் வந்தவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, ஆறவிட்டபின்தான் வந்த காரியம். அதுவரை ஏன் வந்தீர்கள் என்று கேட்பது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். துக்க வீட்டுக்கு வந்தவர்களும் தாங்களாக வாயாடமாட்டார்கள். ஆக, தவறு மெத்தைமேல் சாய்ந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

5

பத்தூல் சமையலறையில் நீளக் கஃப்தான் அங்கி அணிந்து, கைகளில் மீன்வாடை போய்விட்டதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கிடந்த அப்பாவின் போன் அடித்தது. தரகுக்காரம்மா.

"கண்ணு, கோவிச்சுக்காத. ஸாஃபிக்காரங்க வரல. பையனுக்கு மனசு இல்லையாம்."

"வரலயா? அப்போ கூடத்துல உக்காந்திருக்கிறது யாரு?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

இதோடு மூன்றாவது தடவை. முதலாமவன் அவள் சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் போனான், அடுத்தவன் அவள் வயதைக் கேட்டுவிட்டுப் போனான், இவன் ஒன்றும் கேட்காமலே போய்விட்டான். அவளுக்கு வலித்தது. தனக்காகக்கூட அவ்வளவு இல்லை. கூடத்தில் அப்பா புது ஜெல்லாபா அங்கி போட்டுக்கொண்டு குழந்தைபோல மலர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே, அதற்காக வலித்தது. பிறகு கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். யாரோ ஒருத்தி அப்பாவின் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்கோங்க, எல்லாரும் போகவேண்டியவங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தூலுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயில் துணியை அடைத்துக்கொண்டாள்.

விசும்பல்போலக் கூடத்தில் கேட்டது.

"பாவம், கென்ஸா உள்ள அழுவுறா" என்று தம்பியின் காதில் சொன்னாள் சுபைதா.

6

அன்வாரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவனை நான் சரியாகப் பிடிக்கவில்லை. முதல் பிரதியில் அசடாக எழுதினேன். "அசடு இல்ல, மெதுவு" என்று பத்தூல் திருத்தினாள். ஆகவே மெதுவாகவே அவனுக்குப் புரியட்டும்.

துக்க வீட்டில் பாதாம் பலகாரம் கோபுரமாக இருப்பதைப் பார்த்தான். ஓதுகிறவர் யாரும் இல்லை என்பதைப் பார்த்தான். கடைசியில் மஹ்ஜூப், "என் பொண்ணு படிச்சவ. கோவம் கொஞ்சம் வரும், மறைக்கல. ஆனா பொய் சொல்லமாட்டா" என்றபோது அவன் கையிலிருந்த பலகாரம் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

பத்தூல் தேநீர்த் தட்டோடு வந்தாள். அவனுக்கு ஊற்றும்போது குனிந்து, உதடு அசையாமல் கேட்டாள்:

"யார் வீட்டுக்கு வந்தீங்க?"

"செத்தவங்க வீட்டுக்கு" என்றான் அவனும் மெல்ல. "நீங்க... யாரும் சாகலயா?"

"இன்னும் இல்ல. நீங்க வாயத் திறந்தா எங்கப்பா செத்துருவாரு."

அவன் சிரிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும் சிரித்தது. அது தனக்குப் பிடித்துவிட்டது என்று பத்தூல் என்னிடம் ஒத்துக்கொள்ள நான் மூன்று கோப்பை காப்பி வாங்கித் தர வேண்டியிருந்தது.

7

இப்போது மஹ்ஜூப் தொண்டையைச் செருமுகிறார். "சரி. பிஸ்மில்லா. வந்த விஷயத்தச் சொல்லுங்க."

இந்த இடத்தில் நான் எழுதிய ஒரு பிரதி: அன்வார் எழுந்து, 'உங்கள் மகளைக் கேட்டு வந்திருக்கிறோம்' என்று அழகாகப் பொய் சொல்கிறான். கொட்டுமேளம், சுபம். பத்தூலுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்படி மட்டும் சொல்லியிருந்தான்னா, ரெண்டு கூம்பையும் அவன் தலையிலதான் உடைச்சிருப்பேன். எனக்குப் பிச்சையா போடறான்?"

அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன். நடந்தது இது: சுபைதா ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள், பத்தூல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, ஸாஃபிக்காரங்க வரல. வரமாட்டாங்க. போன் வந்துச்சு. இவங்க துக்கம் விசாரிக்க வந்தவங்க, வீடு மாறிட்டாங்க."

காற்று ஜன்னலை ஒருமுறை அடித்துச் சாத்தியது. சுபைதா கன்னத்தில் அறைந்துகொண்டு, "ஐயோ அல்லா!" என்று அலறி, பதற்றத்தில் கூம்புகளைத் தூக்கப் போனாள்.

"விடுக்கா" என்றான் அன்வார். "அது இங்கேயே இருக்கட்டும்."

மஹ்ஜூப்பின் முகம் சுருங்கியிருந்தது. "எங்க வீட்ல யாரும் சாகல தம்பி. துக்கச் சக்கரை எனக்கெதுக்கு?"

"துக்கத்துக்குத்தான் வாங்கினோம். இப்போ அதுக்கில்ல."

"இரக்கமா?" என்றாள் பத்தூல். மீன்காரர்களை அடக்கும் அதே குரல்.

"இரக்கம்னா, நீங்க உண்மையச் சொல்றதுக்கு முன்னாடியே பொய் சொல்லியிருப்பேன்" என்றான். "சொன்னதுக்கப்புறம் உங்களப் பொண்ணு கேக்கறேன். நாளைக்கு மத்தியானம் எங்களுக்கு பஸ். பிடிக்கலைன்னா சக்கரைய விடுதிக்கு அனுப்பிடுங்க. நான் எதுவும் நெனச்சுக்கமாட்டேன்."

"நான் நெனச்சுப்பேன்" என்றாள் சுபைதா. அவளுக்கு இன்னும் பாதிதான் புரிந்திருந்தது.

இருவரும் வெளியே போனார்கள். வேறு கூம்பு வாங்கிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினார்கள். அதுதான் கென்ஸா வீடு.

8

மறுநாள் காலை. மஹ்ஜூப் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் மட்டும் கேட்டார்.

டப்பாவைத் திறந்தாள். சர்க்கரை இல்லை. முந்தின நாள் விருந்தாளிகளுக்கென்று எல்லாவற்றையும் பலகாரத்தில் கொட்டியாகிவிட்டது. மேசைமேல் இரண்டு கூம்புகள், நீலக் காகிதம் பிரிக்காமல். உடைத்துவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. உடைப்பதும் சம்மதமும் ஒன்றுதான். கடை சந்துமுனையில்தான் இருக்கிறது, திறந்துமிருக்கிறது.

"பயமா இருந்துச்சா?" என்று பத்தூலிடம் கேட்டேன்.

"ஆமா. அவன் எப்படிப்பட்டவனோங்கற பயம் இல்ல. எனக்கு ஆசையா இருந்துச்சே, அந்தப் பயம். மூணு தடவை ஆசைப்படாமயே அவமானப்பட்டாச்சு. ஆசைப்பட்டு அவமானப்பட்டா எந்திரிக்க முடியுமா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அப்பா டீ குடிச்சாரு."

"எந்தச் சக்கரையில?"

"அத நீ எழுது. எழுத்தாளர்தானே" என்று சொல்லிவிட்டு, படகு வந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

நான் எழுதமாட்டேன். ஒரு பெண் துணிந்து எடுக்கவேண்டிய முடிவை நாற்காலியில் உட்கார்ந்தபடி எடுத்துக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவள் ஒரு கையில் கடைக்குப் போகும் பை, மறு கையில் சர்க்கரை உடைக்கும் சிறிய சுத்தியல். அப்பா வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். புதினாவை அலசிப் போட்டாயிற்று, தண்ணீர் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. அது கொதிப்பதற்குள் நீங்கள் சொல்லுங்கள், பை எந்தக் கையில், சுத்தியல் எந்தக் கையில் என்பதல்ல, எதை அவள் கீழே வைக்கிறாள் என்று.