இருபத்திரண்டாம் நாள் விட்ட மீன்கள்

பளீல் மாஸ்டருக்குச் சாய்ந்தமருதில் நல்ல பேர் இருந்தது. மருதமுனையில் பிறந்தவர், கொழும்பில் விஞ்ஞான ஆசிரியராகப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி மனைவி ஸம்ஸியாவின் வீட்டிலேயே குடியிருந்தார். ஸம்ஸியாவின் ஆட்கள் எல்லாரும் கடல் தொழில்காரர். வள்ளம் தள்ளிக்கொண்டிருப்பவர்கள்கூட அவர் சைக்கிளில் போவதைக் கண்டால் "மாஸ்டர் போறார்" என்று ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நிமிர்வு அவருக்குப் பிடித்திருந்தது. பின்னால் அவர் கூசிக் கூசி நினைத்துப் பார்த்தவற்றில் அதுவும் ஒன்று.

ஐம்பத்து நாலாம் ஆண்டு, கல்முனையில் அவர் படிப்பித்த பாடசாலையில் புதிய விஞ்ஞான அறை கட்டி முடிந்தது. திறப்பு விழாவுக்கு மட்டக்களப்பிலிருந்து கல்வி அதிகாரி வருவதாக ஏற்பாடு. அந்த அறையில் கடல் மீன்கள் உயிரோடு நீந்தும் ஒரு தொட்டி வைக்கவேண்டும் என்று யோசனை சொன்னவர் பளீல்தான். கொழும்பில் அப்படியொன்றைப் பார்த்த நாளிலிருந்து அது அவர் மனதில் கிடந்தது.

வேலையில் பாதியைச் செய்து கொடுத்தவர் மச்சான் மீராசா, ஸம்ஸியா காக்கா என்று கூப்பிடுகிற மூத்த அண்ணன். தச்சனைப் பிடித்துத் தேக்குப் பலகையில் பெட்டி அடித்து, வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரித் தார் பூசி, முன்பக்கம் தடித்த கண்ணாடி பதித்தார்கள். மீராசா கடல் மணலைக் கழுவிக் கொண்டுவந்து பரப்பினார். தெற்கே தம்பிலுவில்லுக்கு அப்பால் கடலுக்குள் கல்லுக் கிடக்கும் இடத்திலிருந்து, பாசி படர்ந்த கற்களை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அடுக்கினார். மின்சாரம் இல்லாத அறை. தண்ணீருக்குள் காற்றுப் போக, லொறி டயரின் உள் டியூபைச் சைக்கிள் பம்பால் நிரப்பி, ஒரு மெல்லிய குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழி விட வழி செய்தார் பளீல்.

கடல் தண்ணீர் நிரம்பியதும் மீராசா கைகளைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மறுகா என்ன மச்சான், நாளைக்கே மீனப் புடிச்சித் தரட்டா?"

"அவசரப்படக் கூடாது. நாப்பது நாள் போகணும்."

"பிள்ளப் பெத்த பொண்டாட்டிக்கா நாப்பது?" என்று மீராசா சிரித்தார்.

பளீல் சிரிக்கவில்லை. ஓர் இறாலைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிட்டார். மீனின் கழிவிலும் மிஞ்சின இரையிலும் நஞ்சு ஒன்று ஊறும், கடலில் அது கரைந்து போய்விடும், பெட்டிக்குள் போக இடமில்லை என்று விளங்கப்படுத்தினார். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லிலும் மணலிலும் இருக்கின்றன. அவை பெருகுவதற்குத்தான் இந்த இறால், அதற்குத்தான் இந்த நாற்பது நாள். நாலு நாள் கழித்து மீராசாவைக் கூப்பிட்டு, ஒரு கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, இரண்டு துளி மருந்து விட்டுக் காட்டினார். தண்ணீர் மஞ்சளானது.

"இந்த மஞ்சள் நிறம் வராம நிண்டாத்தான் மீன் விடலாம். அதுக்கு முந்தி விட்டா மவுத்துத்தான், ஒண்டும் தப்பாது."

மீராசா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு காலம் கடல்ல கிடக்கன், இது தெரியாதே எனக்கு" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் பொறாமை இல்லை. தங்கச்சியின் மாப்பிள்ளையைப் பற்றிய பெருமைதான் இருந்தது.

பதினேழாம் நாள் தலைமையாசிரியர் முகைதீன்பாவா அறைக்குள் வந்தார்.

"மாஸ்டர், பெரியவருக்கு அடுத்த மாசம் வர ஏலாதாம். விழாவ வாற வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சு. உங்கட மீனெல்லாம் சரிதானே? நோட்டீசில 'உயிருள்ள கடல் மீன்கள்' எண்டு பெரிய எழுத்தில போடச் சொல்லிட்டன்."

இல்லை சேர், இன்னும் நாள் கிடக்கிறது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். தொட்டியையும் மருந்தையும் காட்டி, ஏன் இன்னும் மீன் விடவில்லை என்பதையே அதிகாரிக்கு ஒரு பாடமாகச் சொல்லியிருக்கலாம். பளீலுக்கு அது தோன்றாமலில்லை. ஆனால் கல்முனைக் கடைத்தெரு முழுக்க அவரே சொல்லித் திரிந்திருந்தார். வெறும் கல்லையும் நாற்றத்தையும் பார்க்கவா ஆட்கள் வருவார்கள்?

"ஓம் சேர், சரி" என்றார்.

புதன்கிழமை காலை மருந்து விட்டுப் பார்த்தார். தண்ணீர் இஞ்சித் தேநீர் நிறத்துக்குப் போனது. குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நேரே மீராசாவிடம் போனார்.

"நாளைக்கு விடியக்காலம் மீன் வேணும் மச்சான்."

மீராசா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நாப்பது எண்டீங்க. நாளைக்கு இருவத்திரெண்டுதானே? தண்ணி சரியாகிட்டா?"

"சரியாகிட்டு. இண்டைக்குத்தான் பாத்தன். நிறமே வரல்ல."

"அப்ப அல்லாட காவல், கொண்டு வாறன்."

அவ்வளவுதான். அதற்குமேல் மீராசா ஒரு சொல் கேட்கவில்லை.

மீராசா அன்று பின்னேரமே பஸ் ஏறித் தெற்கே போய், வற்றுத் தண்ணீரில் கல்லிடுக்குகளுக்குள் இறங்கினார். வலை கொண்டுபோகவில்லை, செதிள் உரசிவிடும் என்று பயம். ஸம்ஸியா தன் பழைய வொயில் சாரியைக் கிழித்துக் கொடுத்த துண்டால் மூடி மூடி ஏழு மீன் பிடித்தார். ஆறு, உடம்பில் கறுப்பு வரி போட்ட சின்ன மீன்கள். ஒன்று தட்டையாக, மஞ்சளாக, வெற்றிலை அகலத்தில். வாயகன்ற மண்பானையில் விட்டு, இன்னொரு பானையில் கடல் தண்ணீர் எடுத்து, விடிய முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பழைய தண்ணீரைக் கோதி ஊற்றிப் புதுத் தண்ணீர் விட்டபடியே வந்ததாகப் பிறகு பஸ்காரன் சொன்னான்.

மீன்களைத் தொட்டிக்குள் விடும்போது மீராசா தண்ணீருக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். மூக்கைச் சுருக்கினார். பளீலைத் திரும்பிப் பார்த்தார். பளீல் அந்த நேரம் பார்த்து டியூபுக்குக் காற்றடிக்கக் குனிந்துவிட்டார்.

காலை முழுக்கக் கூட்டம். நற்பிட்டிமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் ஆட்கள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் மீன் கல்லைச் சுற்றி வந்தபோது பெண்கள் பக்கம் "ஆ" என்று சத்தம் எழுந்தது. பளீல் நிமிர்ந்து நின்றார். பத்தரை மணியளவில் வரி மீன் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பதினொன்றுக்கு எல்லாம் மேலே வந்துவிட்டன. செவுள்கள் விசிறி மாதிரி அடித்தன. பளீல் வியர்க்க வியர்க்கக் காற்றடித்தார். காற்று அதற்கு மருந்தில்லை என்று தெரிந்துகொண்டே அடித்தார்.

பகல் இரண்டு மணிக்குக் கல்வி அதிகாரி அறைக்குள் வரும்போது ஐந்து மீன் செத்து மிதந்தன. மஞ்சள் மீன் மணலில் சாய்ந்து கிடந்தது.

"என்ன மாஸ்டர் இது?" என்றார் அதிகாரி. கோபமாகக்கூட இல்லை, சும்மா கேட்டார்.

அறையில் நாற்பது ஐம்பது பேர். தலைமையாசிரியரின் முகம் கறுத்துவிட்டது. பளீலின் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது. அப்படித்தான் அவர் பல நாள் தனக்குள் சொல்லிக்கொண்டார், தானாக வந்தது என்று. ஆனால் தானாக வரவில்லை. கதவடியில் யார் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"புடிச்ச ஆள் வலையில அடிபட வச்சிட்டார் போல, சேர். இவங்களுக்கு உயிரோட கொண்டு வந்து பழக்கமில்ல."

மீராசா கதவடியில் நின்றார். விழாவுக்கென்று வெள்ளைச் சேட்டும் புதுச் சாரமும் உடுத்தி, தலையில் தொப்பி போட்டிருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களா புடிச்சது? கொஞ்சம் பாத்துப் புடிக்கக் கூடாதா?" என்றார் அதிகாரி.

மீராசா பளீலைப் பார்த்தார். நீண்ட நேரம் இல்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்.

"ஓம் சேர். என்ட பிழதான்."

அன்று பின்னேரம் பளீல் வீட்டுக்குப் போகும்போது ஸம்ஸியா பின்வாசலில் சாரித் துண்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கதை அதற்குள் சாய்ந்தமருதுக்கு வந்துவிட்டிருந்தது.

"காக்கா வலையே கொண்டு போகல்ல" என்றாள், அவர் பக்கம் திரும்பாமல்.

பளீல் சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சோறு வைத்தாள், கறி வைத்தாள், தண்ணீர் வைத்தாள். மூன்று நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

கடற்கரையில் மீராசாவுக்குப் பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். வலை இழுக்கிற இடத்தில் "மீனச் சாவடிச்ச மீராசா வாறாரு, மீனெல்லாம் கவனம்" என்று சிரித்தார்களாம். மீன் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு அப்படி ஒரு பகிடி. மீராசாவும் சேர்ந்து சிரித்ததாகப் பளீல் கேள்விப்பட்டார். ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். மீராசா மூன்றாம் வரிசையில் நிற்பதைக் கண்டு, பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுளடியிலேயே கால் கழுவிக் கழுவி நின்று, கடைசி வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். அடுத்த கிழமை மீராசா, பளீல் வீட்டுப் படலையில் வந்து நின்று, "மாஸ்டர், தங்கச்சி இருக்காவா?" என்று கேட்டார். மச்சான் என்று கூப்பிடவில்லை.

தொட்டியைப் பளீல் விடவில்லை. விழாவன்று மாலைக்குள் ஏழு மீனும் செத்திருந்தன; எடுத்துப் புதைத்தார். யாரும் பார்க்க வராத அந்த அறையில் தினம் காற்றடித்தார், தினம் மருந்து விட்டுப் பார்த்தார். கடுமஞ்சள், மஞ்சள், இளமஞ்சள். நாற்பத்தாறாம் நாள் காலையில் இரண்டு துளி விட்டார், நிறம் வரவில்லை. இன்னும் இரண்டு விட்டார். தண்ணீர் தண்ணீராகவே நின்றது. தான் சொன்னதெல்லாம் சரி. தெரிந்துகொண்டே செய்தேன் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. குழாயைக் கையில் பிடித்தபடி பளீல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பாடசாலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பதினைந்து இருபது பேர். மீராசா கயிற்றின் முன்தலையில் நின்றார். தனியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பளீலின் கால்கள் ஒதுங்கப் பார்த்தன. அங்கே அத்தனை பேருக்கு முன்னால் பழி சொன்ன வாய், இங்கே ஒளித்துப் பேசக் கூடாது என்று நின்றார்.

"மச்சான்" என்றார். "அந்த மீன் செத்தது உங்களால இல்ல. தண்ணி நஞ்சா இருந்திச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களப் புடிக்கச் சொன்னன். பேர் கெட்டுப் போயிரும் எண்டு உங்கட தலையில போட்டன்."

கயிறு இழுத்தவர்களின் பாட்டு நின்றது. ஒருவன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டான்.

மீராசா கயிற்றைப் பக்கத்திலிருந்த றஸாக்கிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "மீன விடக்குள்ளயே மணந்திச்சு. அழுகல் தண்ணி."

"அப்ப ஏன் ஓம் எண்டீங்க?"

"நான் இல்லையெண்டா, அந்தச் சபையில நீங்க பொய்யன் எண்டு ஆகும். எங்கட ஸம்ஸியாட மாப்பிள்ள நீங்க. என்னப் பத்தி என்ன சொன்னா என்ன, நாளைக்கும் நான் வலைதான் இழுக்கப் போறன்."

பளீல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீராசா குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா ஒண்டு. நான் உங்கட்டக் கேட்டன், தண்ணி சரியாகிட்டா எண்டு. அண்டைக்கே இல்லையெண்டு சொல்லியிருந்தா, இந்தா நிக்கிற இவ்வளவு பேரும் கூடி, குடத்தால கடல் தண்ணியக் காவி வந்து தொட்டித் தண்ணிய மாத்தியிருப்பம். ஒரு நாளைக்கு அந்த மீன் கிடந்திருக்கும். பெரியவரும் பாத்திட்டுப் போயிருப்பார்."

பளீல் பாடசாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடல் அந்தப் பாடசாலையிலிருந்து நடக்கிற தூரம். தண்ணீரை மாற்றலாம் என்பது, மூன்று வருடம் விஞ்ஞானம் படித்த அவர் மண்டைக்குள் ஒருதரம்கூட வரவில்லை. மறைப்பதற்கே அறிவு முழுக்கச் செலவாகிவிட்டிருந்தது.

"ஓம்" என்றார் கடைசியில்.

"சரி, நான் போகணும். வலை கரைக்கு வருது" என்று மீராசா போய்க் கயிற்றைப் பிடித்தார்.

மறுநாள் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லப்போவதாகப் பளீல் சொன்னபோது, "முடிஞ்ச கதையக் கிண்டாதீங்க மாஸ்டர், பாடசாலைக்கும் மானக்கேடு" என்று தலைமையாசிரியர் தடுத்தார். பளீல் சொன்னார். மாணவர்கள் முன் வரிசையிலிருந்து கடைசி வரை சத்தமில்லாமல் கேட்டார்கள். கல்வி அதிகாரிக்கும், பிழை மீராசாவுடையதல்ல, தன்னுடையது என்று ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. மாஸ்டர் போகும்போது கடற்கரையில் நிமிர்கிற ஆட்கள் குறைந்தார்கள். சிலர் முன்னைவிட ஒட்டுதலாக, "எங்கால போறீங்க மாஸ்டர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஸம்ஸியா கதைத்தாள், ஆனால் அண்ணன் பேர் வரும் இடத்தில் கதையை நிறுத்திக்கொள்வாள்.

மீன் பிடிக்கப் பளீல் தானே போனார். நாலு வெள்ளிக்கிழமை தெற்கே போய், கல்லில் முழங்கால் கிழிந்து, இரண்டே இரண்டு வரி மீன் கொண்டுவந்தார். அவை இருந்தன. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம்.

ஒருநாள் பகல், பாடம் இல்லாத நேரம், மீராசா அறை வாசலில் வந்து நின்றார். சந்தைக்கு வந்தவர், தோளில் சால்வை. யாரும் கூப்பிடவில்லை; தானாகத்தான் வந்தார். உள்ளே வந்து கண்ணாடிக்குக் கிட்ட நின்று பார்த்தார்.

"என்ன இரை போடுறீங்க?"

"இறால் அரிஞ்சு போடுறன்."

"கொஞ்சமாப் போடுங்க. மிஞ்சினா நாறும்."

"ஓம்."

"பெரியது சின்னதக் கொத்துது. இன்னொரு கல்லு வையிங்க, ஒளிய இடம் வேணும்."

"வைக்கிறன்."

பிறகு "வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் போன பிறகுதான், தான் அவ்வளவு நேரமும் அவர் முகத்தைப் பார்க்காமல், மணல் ஒட்டிய அவருடைய கால்களையே பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டு நின்றது பளீலுக்குத் தெரிந்தது.