மீதி ஒன்று

என் தங்கை மகள் புனிதாவின் கல்யாணம் நின்றுபோக இருந்தது. காரணம் அவளுடைய ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பர். பன்னிரண்டு இலக்கங்களையும் கூட்டினால் நாற்பத்து நான்கு. அதையும் கூட்டினால் எட்டு. எட்டு சனியின் எண், சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அப்பா நாகையா கிள்ளானிலிருந்து சொல்லிவிட்டார். எட்டாம் மாதம் முழுக்க அவர் சவரம்கூடச் செய்வதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பியது நான்தான்.

புனிதா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நானோ ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் சரக்குப் பெட்டி நம்பர் எழுதியவன். குறைந்தது ஒன்பது கோடி நம்பர். நாகையாவை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வந்தவர் வடையைத் தொடவில்லை. மாற்ற முடியாத நம்பருக்குத் தான் என்ன செய்வது என்று கேட்டார். கல்யாணமானால் தனி நம்பர் செல்லாது, இருவருடையதையும் கூட்ட வேண்டும் என்றேன். எந்தச் சாஸ்திரத்தில் என்றார்.

"ரயில்வேல. ரெண்டு பெட்டிய கோத்துட்டா ஒரே ரயில்தானே லா."

புனிதா நம்பரையும் மாப்பிள்ளை நம்பரையும் காலண்டர் தாளின் பின்புறம் கூட்டினோம். 1921135211569. அதன் இலக்கங்களைக் கூட்டிச் சுருக்கினால் ஒன்று. எட்டு ஒழிந்தது. ஆனால் தம்பதி ஒற்றுமை எப்படி என்று இழுத்தார். இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கு வைக்கச் சொன்னேன். வகுத்தார்.

"மீதி ஒன்னு நிக்குதே அண்ணே."

"அதான் உங்க பேரப்புள்ள."

நாகையா தன் நம்பரையும் மனைவி நம்பரையும் கூட்டி வகுத்தார். மீதி ஒன்று. மாப்பிள்ளை விமலன் அவருக்கு ஒரே பிள்ளை. மூன்று முறை வகுத்துவிட்டு என்னைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இந்த நாட்டில் ஆணின் ஐசி ஒற்றை எண்ணில் முடியும், பெண்ணுடையது இரட்டையில். எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒற்றைதான் வரும், ஒன்று மிஞ்சத்தான் செய்யும். அதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆனால் மேரு என்ற ஊரில் இருக்கும் தன் தம்பிக்கு, அய்யா என்று பெயர், ஃபோன் போட்டு அவர் நம்பரையும் அவர் மனைவி நம்பரையும் வாங்கினார். வகுத்தார். முகம் மாறியது.

"இங்கயும் ஒன்னுதான் மிஞ்சுது. அய்யாவுக்கு ஏழு புள்ளைங்க அண்ணே."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. புனிதா கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு வினாடி வீதம் ஏழு வினாடி யோசித்தேன்.

"அந்த ஏழுல அய்யாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எத்தன பேரு?"

நாகையா விரல்களை மடக்க ஆரம்பித்தார். முதல் விரலோடு நின்றுவிட்டது.

"சின்னவன் மட்டும்தான்" என்றார்.

பிறகு ஒரு வடையை எடுத்துக்கொண்டு, தை மாதத்தில் மண்டபம் கிடைக்குமா என்று விசாரித்தார். எட்டாம் தேதி மட்டும் வேண்டாமாம்.