முப்பத்தேழு டிகிரி

விவாகரத்தின்போது டுவேன் கராஜையும் கருவிப் பெட்டியையும் நாயையும் எடுத்துக்கொண்டான். மகளையும் எடுத்துக்கொண்டிருப்பான். ஆனால் பள்ளி நாட்களில் அவளை எழுப்பி அனுப்ப அவனால் ஆகாது என்பதால் கெல்சி என்னோடு இருந்தாள். எங்கள் ஓஹையோவில் பாதி ஆண்கள் சனிக்கிழமை அப்பாக்கள்தான். சனிக்கிழமை அப்பாவுக்கு எப்போதும் நல்ல பெயர். திட்டுவதும் பல் தேய்த்தாயா என்று கேட்பதும் மற்ற ஆறு நாள்காரியின் வேலை.

கெல்சி பள்ளி முடிக்கும்போது தன் கையால் ஒரு கார் கட்டித் தருவதாக டுவேன் வாக்குக் கொடுத்திருந்தான். எங்கிருந்தோ ஒரு பழைய மாலிபு காரை இழுத்து வந்து, அதற்குள் புதுக் காலத்து இன்ஜெக்‌ஷன் எஞ்சின் ஒன்றை இறக்கினான். எஞ்சின் வேலையில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். கெட்டிக்காரன். யார் சொன்னாலும் கேட்கமாட்டான், அதிலும் நான் சொன்னால் கேட்கவே மாட்டான், அவ்வளவுதான்.

நான் மர்வினின் ரேஸ் கார் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பவள். ஏப்ரலில் ஒரு மத்தியானம் டுவேன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஊரில் வேறு கடை இல்லை, இருந்தால் வந்திருக்க மாட்டான்.

"ஆறாம் நம்பர் கம்பிப் பின்னல் ஹோஸ் வேணும், டார்லா. ரெண்டு முனைக்கும் ஃபிட்டிங். கறுப்பு குடு. கெல்சிக்குக் கறுப்புதான் பிடிக்கும்."

"அந்தப் பக்கம் எதுல மாட்டப் போறே?"

"கம்பெனி போட்ட இரும்பு பெட்ரோல் லைன்லதான். நல்லாத்தான் இருக்கு. நுனியை வெட்டி, இந்த நட்டைக் கோத்து, விரிச்சு முடுக்கிடுவேன்."

சொல்லும்போதே ரேக்கிலிருந்து நட்டையும் அதன் வளையத்தையும் அவனே எடுத்துவிட்டான். பளபளவென்று அழகாகத்தான் இருந்தன. பின்னல் ஹோஸின் ஃபிட்டிங் உள்ளே முப்பத்தேழு டிகிரி சரிவில் இருக்கும். இரும்புக் குழாயின் வாயையும் அதே சரிவுக்குப் புனல்போல விரித்தால்தான் இரண்டும் ஒட்டி உட்காரும். பிரேக் லைனுக்கு விரிக்கும் கருவி நாற்பத்தைந்து டிகிரிக்கு விரிக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, நட்டும் ஒழுங்காக முடுக்கிக்கொள்ளும். உள்ளே மட்டும் ஒரு நூலளவுதான் தொட்டுக்கொண்டிருக்கும். பழைய கார்ப்யூரேட்டர் காருக்கு பெட்ரோல் அந்த லைனில் சும்மா நடந்து வரும். இன்ஜெக்‌ஷனுக்கு அழுத்தத்தோடு முட்டி மோதிக்கொண்டு வரும், அந்த நூலளவு தொடுப்பில் கசிந்துவிடும்.

"அதுக்கு முப்பத்தேழுல விரிக்கணும், டுவேன். உன்கிட்ட இருக்கிறது நாப்பத்தஞ்சு."

"என்கிட்ட என்ன இருக்குன்னு உனக்கென்ன தெரியும்?"

"கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தவளே நான்தானே!"

பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டுவேனின் காது சிவந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. எங்கே கூப்பிடுவது? எனக்கு இருப்பது ஒரு கவுண்டர்.

கடையில் இரவல் கொடுப்பதற்கென்றே ஒரு முப்பத்தேழு டிகிரி கருவி இருக்கிறது. அதை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "சும்மா எடுத்துட்டுப் போ. இல்லேன்னா விரிக்கவே வேணாம், குழாயைக் கவ்விப் பிடிக்கிற அடாப்டர் இருக்கு, அதைத் தரேன்."

"நீ குடுத்த கருவியால பட்டது போதும் தாயே," என்றான். நட்டை ஃபிட்டிங்கில் வைத்து விரலாலேயே சுற்றிக் காட்டினான். "பாரு, கையால சுத்தினாலே போகுது. போகுதா இல்லையா? அப்போ பொருந்திடுச்சு."

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இது வேதவாக்கு. மரை பிடித்துவிட்டால் பொருந்திவிட்டது. அவர்கள் கல்யாணம் செய்வதும் அப்படித்தான்.

கல்லாவில் இருந்த மர்வின் தலையை நீட்டினார். "டார்லா, அவர் கேட்டதைக் குடுத்து அனுப்பும்மா. ஆள் நிக்கறாங்க." கொடுத்தேன். கருவி கவுண்டரிலேயே கிடந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கெல்சியிடம் சொன்னேன். "அந்தக் காரை எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை அடியில படுத்துப் பாக்கணும்."

"உனக்கு வயித்தெரிச்சல்மா. அப்பா கார் குடுக்கறார். நீ என்ன குடுத்தே? பஸ் பாஸ்."

அந்த பஸ் பாஸில்தான் அவள் எல்லா நாளும் பள்ளிக்குப் போனாள்.

ஜூனில் கெல்சி பள்ளி முடித்ததற்காக டுவேனின் வீட்டுப் பின்புறத்தில் விருந்து. பன்னுக்குள் வைத்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், கார் மூடிமேல் பெரிய சிவப்பு ரிப்பன். பக்கத்தில் போனதுமே எனக்கு வாடை வந்துவிட்டது. நல்ல கவுனோடு புல்லில் மண்டியிட்டுக் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தேன்.

"ஐயோ பாருங்க, என் காரைக் கும்பிடறா!" என்றான் டுவேன்.

"பெட்ரோல் வாடை வருது, டுவேன்."

"ரேஸ் எஞ்சின்னா வாசம் வரத்தான் செய்யும். உன் சமையல்லதான் எந்த வாசமும் வராது."

எல்லோரும் சிரித்தார்கள், கெல்சியும்தான். எனக்கு அவமானம் இல்லை, பயம். ஓட்டுநர் பக்கக் கதவில் தொங்கிய சாவியைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். என் மகள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்துக்கொண்டாள். "என்னைக் கேவலப்படுத்தாதேம்மா" என்று மட்டும் காதருகே சொன்னாள்.

ஆகஸ்டில் மளிகைக்கடை வாசலில் அந்தக் கார் பற்றிக்கொண்டது. கெல்சி குதித்துவிட்டாள். பிறகு கைப்பைக்காக உள்ளே கையை நீட்டியிருக்கிறாள். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை வலது கை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டுவேன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நிஜமான அழுகை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டுத் தன் அண்ணனிடம் சொன்னான், "ஃபிட்டிங் அவ குடுத்தது."

பொய் இல்லையே. நான் கொடுத்ததுதான். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அது போய்ச் சேர்ந்தது. ஆள் நிற்கிறார்கள், கொடுத்தனுப்பு என்ற அதே மர்வின், "கொஞ்ச நாள் பின்னால குடோன்ல இரேன், டார்லா. ஜனங்க பேசறாங்க" என்றார்.

எரிந்த வண்டிகளைப் போட்டு வைக்கும் இடத்துக்கு ரம்பத்தோடு போனேன். டுவேனின் அழகான கறுப்பு நட்டு உருகி வழிந்திருந்தது. இரும்புக் குழாயின் விரித்த நுனி மட்டும் அப்படியே நின்றது. அதன் வாயில் ஒரு விரிசல். கடையின் கோண அளவியை வைத்துப் பார்த்தேன், நாற்பத்தைந்து. அந்த நுனியை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நீ சொன்னது சரிம்மா என்று அவள் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

அவளுடைய இடது கையில் அதை வைத்து, அளவியைப் பொருத்திக் காட்டினேன். கவுண்டரில் நடந்ததையும் இரவல் கருவியையும் அடாப்டரையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கெல்சி அந்தத் துண்டைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ இது கசியும்னு உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும். அதைத்தானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏம்மா அந்த நட்டைக் குடுத்தே?"

மர்வின், வரிசை, டுவேனின் சிவந்த காது எல்லாம் நினைவுக்கு வந்தன. கட்டுப்போட்ட அந்தக் கைக்கு முன்னால் எதுவும் ஒரு காரணமாகத் தெரியவில்லை. அவள் துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை டுவேன் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் வாங்கி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, உறிஞ்சு குழலை அவள் உதட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அவனிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.