சேலம் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஜீப்

கச்சிராயபாளையம் தாண்டியதும் தமிழ்ப்ரியா கேட்டாள். "ப்பா, என் பாட்டெல்லாம் பென்டிரைவ்ல போட்டுத் தரட்டா?"

"எனக்கு இன்னாத்துக்கு அந்தக் கத்தலு?" என்றார் குப்பன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மகளுக்குத் தமிழ்ப்ரியா என்ற பெயரைத் தேடிப் பிடித்து வைத்தவர் அவர்தான். அவள் கேட்பதோ கொரியாப் பாட்டு. நர்சிங் படிக்க வெள்ளிமலையிலிருந்து தினமும் அப்பா ஆளேற்றி ஓட்டும் ஜீப்பில்தான் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவாள். ஏறியதும் அவள் போன் ஜீப்பின் ஸ்பீக்கரோடு தானாக ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் குப்பன், எஞ்சினில் ஏதோ கோளாறு என்றுதான் பயணிகளிடம் சொல்லிவந்தார். அப்புறம் ஒரு மார்கழிக் காலையில், மலைப்பாதை முழுக்கப் பனி மூடியிருக்க, ஸ்பீக்கரில் எவனோ ஒருவன் மெதுவாகப் பாட ஆரம்பித்தான். பாஷை ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் அவன் எதையோ ஒளித்துவைத்துக்கொண்டு பாடுகிறான் என்பது மட்டும் புரிந்தது. மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள், பால்வாடிக்குப் போன காலத்தில் தூங்கியதைப் போலவே வாயைத் திறந்துகொண்டு. முன்னால் போன மரவள்ளி லாரியை முந்த இடமிருந்தும் அவர் முந்தவில்லை. "லாரிக்காரன் வழியே வுட மாட்றான்," என்று பின்சீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பாதையில் வழிவிடாத லாரிகள் பெருகிவிட்டன.

படிப்பு முடிந்து, இன்று அவள் சேலம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறாள். குப்பனிடம் இருப்பது பட்டன் போன். நாளையிலிருந்து ஜீப்பில் எஞ்சின் மட்டும்தான் பாடும்.

கள்ளக்குறிச்சியில் சேலம் பஸ் தயாராக நின்றது. கடைசி சீட்டில் பையை வைத்துக்கொடுத்தார். பென்டிரைவைப் பற்றி இன்னொரு தடவை கேட்பாள் என்று நின்று பார்த்தார். கேட்கவில்லை. "நேரத்துக்குச் சாப்புடும்மா," என்றார். அதுதான் வந்தது.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஜீப் நின்றிருந்தது. சந்தைக்குத் தினை மூட்டை கொண்டுவந்த பெரியநாயகி மட்டும் முன்சீட்டில் மிச்சம். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்த மகளின் போன் இன்னும் ஜீப்போடு ஒட்டியே இருந்தது; அணைக்க மறந்துவிட்டாள். இத்தனை நாளில் அவர் கேட்டிராத பாட்டு.

பஸ் நகர்ந்தது. குரல் கிழிந்தது. குப்பன் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார்.

"அண்ணே, சந்த அந்தாண்ட இருக்குது! நீங்க எங்க போய்க்கினு இருக்கீங்க?"

"இரு பெரியநாயகி. ஒரு பாட்டு."

"இன்னாது?"

"இந்தப் பாட்டு முடியட்டும்."

"பஸ்ஸுல ஏத்திவுட்டுட்டுப் பின்னாடியே போறதுக்கு, நீங்களே இட்டுக்கினு போயிருக்கலாமே! டீசல் ஜாஸ்தியாயிடுச்சா?"

குப்பன் கியரை மாற்றினார். பஸ் விலகினால் குரல் நூல்நூலாகப் பிரிந்தது. நெருங்கினால் முழுசானது. சின்னசேலம் சாலையில் அவர் பஸ்ஸை முட்டிவிடும் அளவுக்கு ஒட்டிப் போனார்.

பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகத் தமிழ்ப்ரியா திரும்பிப் பார்த்தாள். மெதுவாக வரச்சொல்லிக் கையை ஆட்டினாள். பிறகு மடியில் கிடந்த போனைக் குனிந்து பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பஸ் வேகமெடுத்தபோது, போனை எடுத்துத் தூசி படிந்த கண்ணாடியில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.