துறவியின் உச்சந்தலை

வனாந்தரத்தில் முப்பது வருடம் மனித வாடையே இல்லாமல் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் துறவியைப் பற்றித்தான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அந்தத் தனிமையைப் பற்றி நெறியாளர் ஏற்கெனவே புத்தகமே போட்டிருந்தார். அதற்கு ஒத்து ஊதினால் கையெழுத்து. இல்லையென்றால் இன்னொரு வருடம் இழுத்தடிப்பு.

அப்பாவின் சலூனில் ஈ ஓட்டும் மத்தியானம். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். கத்தியைத் துடைத்தபடி அப்பா எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் கழித்துத் துறவியை முதலில் கண்ட பயணி அங்கேயே வரைந்த ஓவியம்: ஜெபத்தில் குனிந்த தலை, அந்தக்காலத் துறவிகளின் வழக்கப்படி உச்சியில் வட்டமாக மழித்த இடம்.

"யாரும்மா இவருக்குச் சவரம் பண்ணது?"

"யாருமில்லப்பா. காட்டுல தனியா இருந்தவரு."

"கதை விடாத. கன்னத்தைத் தானே வழிச்சுக்கலாம். உச்சியை, அதுவும் இவ்ளோ கச்சிதமா? முப்பத்தஞ்சு வருஷமா கத்தி பிடிக்கிற என்னாலேயே முடியாது."

"அழகுக்காக வரைஞ்சிருப்பாங்க."

"அழகுக்கு எவனாவது வெட்டுக்காயம் போடுவானா? ஓரத்துல பாரு. மனுஷன் தும்மியிருப்பாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே ஆவணக் காப்பகத்துக்கு ஓடினாள்.

துறவியின் நாட்குறிப்பில் சில சனிக்கிழமைகளின் ஓரத்தில் சின்ன வட்டம் இருக்கும். ஜெபத்தின் உச்சநிலை என்று நெறியாளர் நாற்பது பக்கம் எழுதித் தள்ளியிருந்தார். இவள் விரல்விட்டு எண்ணினாள். இரண்டு வாரத்துக்கு ஒரு வட்டம். 'ஆற்றில் வெள்ளம்' என்று எழுதிய வாரங்களில் மட்டும் இல்லை. நீர் வடிந்த முதல் சனிக்கிழமை மறுபடி வட்டம், பக்கத்தில் ஒரு வரி: 'இன்று தலை லேசாக இருக்கிறது.'

மறுநாள் நெறியாளர் அத்தியாயத்தில் அவள் புதிதாகச் சேர்த்திருந்த அடிக்குறிப்பைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"நேர்காணல், என் தந்தை, முடிதிருத்துநர். இதெல்லாம் ஒரு ஆதாரமாம்மா?"

"உங்க தலையை அவர்கிட்ட குடுத்துப் பாருங்க மேடம், தெரியும். வெள்ளம் வந்தா ஆள் வர முடியாது. ஜெபம் எதுக்கு நிக்கணும்?"

நெறியாளர் அலமாரியிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து, அதே ஓவியத்தை வெகுநேரம் பார்த்தார். அவரை அறியாமலே வலது கை பின்னால் போய்த் தன் உச்சந்தலையைத் தடவியது. எட்டியது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடம்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாங்க?" குரல் மாறியிருந்தது.

"தெரியல மேடம். கையெழுத்துப் போடுங்க, கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

நெறியாளர் பேனாவைத் திறந்தார்.