அரைக்குட நடை

"காலைத் தூக்குங்க" என்றாள் அஞ்சம்மாள். பூவராகவன் விரித்த பேப்பரைத் தாழ்த்தாமலே இரண்டு கால்களையும் உயர்த்தினார். நாற்காலிக்கு அடியில் துடைப்பம் போய் வந்தது. "பெருக்கியாச்சி, எறக்குங்க. இன்னும் அந்தரத்துல வெச்சிக்கினு கீறீங்களே" என்று சிரித்துவிட்டுக் குப்பையை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாள். முப்பத்தொரு வருடக் குடித்தனம் அதோடு முடிந்தது. துவைக்கிற கல்லருகே விழுந்தவளை வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, டாக்டர் நாடி பார்த்துவிட்டு எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று மட்டும் கேட்டார். பிறகு, "நெஞ்சுல அடைப்பு ரொம்ப நாளாவே இருந்திருக்கும். தினம் நடந்தாங்கன்னு சொல்றீங்க. அதனாலதான் இவ்ளோ நாள் தாங்கியிருக்காங்க" என்றார். அதைக் கேட்டது பூவராகவன் ஒருவர்தான். ஊருக்குச் சொல்ல அன்று அவருக்கு நாக்கு எழவில்லை.

ஊர் வேறு மாதிரிப் பேசியது. "சக்கர ஒடம்ப வெச்சிக்கினு தண்ணியத் தூக்கிக்கினு நடந்தா இன்னா ஆவும்? அந்த நர்சம்மா நடக்க வெச்சே எங்க அக்காவ சாவடிச்சிட்டா" என்று அஞ்சம்மாளின் தம்பி சடையப்பன் சாவுப் பந்தலிலேயே கத்தினான்.

கம்பெனிக்காரர்கள் நிலத்தை வாங்கியது 2003இல். நடவும் களையும் போன பிறகு அந்த ஊர்ப் பெண்களுக்கு நடந்து போக ஓர் இடம் இல்லாமல் போயிற்று. டிவி வந்தது, கிரைண்டர் வந்தது, புதுவாயல் கடைகளிலிருந்து சாயங்காலம் பரோட்டா பொட்டலம் வந்தது. மூன்று வருடம் கழித்து, சுகாதார நிலையத்து நர்ஸ் ஞானம்மா பள்ளிக்கூட வராந்தாவில் எடை மெஷினை வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தாள். ஒருத்தியும் ஏறவில்லை. "எட போட நாங்க இன்னா நெல்லு மூட்டையா?" என்றாள் கன்னியம்மா. உடம்பின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவர்கள் பயம். அஞ்சம்மாள்தான் முதலில் ஏறினாள். ஏறி நின்று அவளே உரக்கப் படித்தாள்: "எம்பத்தாறு! கண்ணு போடறவ போடுங்கடி. அப்பிடியாச்சும் கொறையுதா பாப்போம்."

அவளைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள். எல்லாரையும் தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னாள் ஞானம்மா. வேலையில்லாமல் ரோட்டில் போகிற பெண்ணைப் பைத்தியம் என்பார்கள். ஆகவே தண்ணீருக்குப் போகிற மாதிரி இடுப்பில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தோடு கிளம்பினார்கள். இரண்டாம் நாளே வம்பு வந்தது. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எதிரே முப்பது வெறுங்குடங்கள். ஜெயராஜ் என்கிற பையன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "வேலைக்குப் போற நேரத்துல இன்னா சகுனம் இது? மெஷின்ல கை போச்சின்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்று சண்டைக்கு நின்றான். அவன் பயம் பொய்யில்லை. அந்த வருடம் மட்டும் மூன்று பேருக்கு விரல் போயிருந்தது. "நாளைலருந்து தண்ணியோட வர்றோம் நைனா, கும்புட்டுக்கினு போ" என்றாள் அஞ்சம்மாள். திரும்பி வரும்போது மற்றவர்களிடம், "அரக்கொடம் போதும்டி. உள்ள எட்டியா பாக்கப் போறான்?" என்றாளாம்.

இதெல்லாம் அவள் சொல்லித்தான் பூவராகவனுக்குத் தெரியும். அவர் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. அவர்கள் போய்த் திரும்புகிற இடம் கம்பெனி மதில். மதிலுக்குள் இருந்தது அவருடைய இரண்டு ஏக்கர். நிலத்தைக் கொடுத்த பிறகு அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் கன்னியம்மா வாசலில் வந்து நின்றாள். "நீங்க வேணாம்னா நிறுத்திடறோம்ணா." அவளுக்குப் பின்னால் ஞானம்மா தலை குனிந்து நின்றாள். "நாளைக்கி எவளாச்சும் கொடத்த எடுத்தா ஒடப்பேன். சொல்லு மாமா" என்றான் சடையப்பன். அஞ்சம்மாள் இந்த உலகத்தில் தானாக உண்டாக்கியது அந்த ஒன்றுதான். அது நிற்பதும் தொடர்வதும் இப்போது தன் வாயில் இருக்கிறது என்று பூவராகவனுக்குத் தெரிந்தது. "எல்லாரும் மதிலாண்ட வாங்க, காலைல சொல்றேன்" என்றார்.

விடிவதற்கு முன்பே போய் மதிலோரம் நின்றார். சடையப்பனும் பின்னாலேயே வந்தான். பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு சத்தம்தான் வந்தது. மதகு திறந்து வயலில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, எங்கிருந்தோ, நிற்காமல். பிறகு குடங்கள் தெரிந்தன, நீலமும் சிவப்பும் பச்சையுமாக. பிறகு பெண்கள். முப்பது பேர் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். எண்ணிக்கொண்டே வந்தவர் அறுபதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டார். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பதினாறு நாளாக அடங்கியிருந்த நடை அது. அத்தனை அரைக்குடங்களும் ஒரே தாளத்தில் தளும்பின. கம்பெனி பஸ் ஒன்று வந்து ஓரம் கட்டியது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். டீக்கடையில் நின்றிருந்த ஷிப்டு ஆட்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பினார்கள். தேர் வருகிறபோதுகூடப் பூவராகவன் இப்படிக் கால் நகராமல் நின்றதில்லை. இதையா அவள் தினமும் முடித்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல வீடு பெருக்கினாள்?

சடையப்பன் ரோட்டின் நடுவில் போய் நின்றான். முன்னால் வந்த கன்னியம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் நின்றார்கள்.

"மாமா, சொல்லு."

"நடந்ததாலதான் இத்தினி நாள் இருந்தாளாம். டாக்டரு சொன்னாரு. நான்தான் ஒன்கிட்ட சொல்லல" என்றார் பூவராகவன். "வழிய வுடு சடையா. ஒங்க அக்கா கூட்டம்டா இது."

சடையப்பன் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். குடங்கள் அவனைக் கடந்து போயின.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. ஷிப்டு ஆட்கள் எல்லாரும் உள்ளே போகும்வரை பெண்கள் காத்திருந்தார்கள். திரும்பும்போது வெறுங்குடம் யார் கண்ணிலும் படக்கூடாதல்லவா? கேட் மூடியதும் மதிலடியில் ஒவ்வொருத்தியாகக் குடத்தைச் சாய்த்தார்கள். பூவராகவன் குனிந்து பார்த்தார். வரப்பை வழித்து, கல்லடித்து, மதில் எழுப்பி நாலு வருடம் ஆகிவிட்டது. தண்ணீர் ஒரு நிமிடம் தேங்கி நின்றது. பிறகு, அவருடைய அப்பா காலத்தில் வாய்க்காலில் ஓடியதுபோலவே, கிழக்கே ஓடியது.