பூனை இருந்த இத்தா

பதுளை பஸாரில் ஒரு பேச்சுக் கிளம்பினால், அது ஹாலிஎலவுக்குப் போய்ச் சேர பஸ் தேவையில்லை. மொஹிதீனின் பூனையும் இத்தா இருக்கிறது என்ற பேச்சு அப்படித்தான் ஊரைச் சுற்றியது.

மனுசன் மவுத்தானால் மனைவி வெள்ளை உடுத்தி, வெளியே இறங்காமல் வீட்டோடு இருக்கும் காலம் இத்தா. அதை மொஹிதீனின் மனைவி ஸித்தி ஸுபைதா இருந்தாள். சரி, அது முறை. கூடவே அவள் வீட்டுப் பூனையும் இருக்கிறதாம். சோறு தொடுவதில்லையாம். மொஹிதீனின் கட்டிலுக்கடியை விட்டு அசைவதில்லையாம். வாய் ஒழுக ஒழுக அழுகிறதாம். போதாக்குறைக்கு அது பொட்டைப் பூனை, அதிலும் தலையிலிருந்து வால்வரை வெள்ளை. இதற்குமேல் ஊருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் ஸுபைதாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, குனிந்து கட்டிலுக்கடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

"சுப்ஹானல்லாஹ், வாயில்லாத ஜீவன் பாருங்களே! நானாவ எவ்வளவு தேடுது!" என்று ஆரம்பித்து வைத்தவள் பஸ்லியா, மொஹிதீனின் தங்கை. பக்கத்து வீடுதான். பஸ்லியாவுக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. பார்த்தால் அதற்கொரு கதை கட்டித்தான் ஆக வேண்டும்.

ஸுபைதாவுக்கு அந்தக் கதை பிடித்துப் போயிற்று. உண்மையைச் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த நாட்களைக் கடத்தினாள்.

வேறு யார் இருந்தார்கள்? மொஹிதீன் பஸாரில் தோட்டத்து ஆட்களுக்குப் படங்கும் குடையும் ரப்பர் சப்பாத்தும் விற்ற மனுசன். மடுல்சீமையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கை அவரிடம்தான் வாங்குவார்கள். ஒருநாள் காலை கடைக் கதவைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழும்பவே இல்லை. மகன் நப்ரீஸ் கட்டாரிலிருந்து ஓடி வந்தான், லீவு முடிந்ததும் திரும்பிப் போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பிழைப்பு அங்கே. தினமும் மஃரிபு தொழுகைக்குப் பிறகு போனில் முகம் காட்டுவான், "உம்மா, தின்றீங்களா?" என்று கேட்பான், பிறகு பேச்சில்லாமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போனை வைத்த பிறகு வீட்டில் கேட்பதெல்லாம் தகரக் கூரையில் மழைதான்.

ஆஸ்பத்திரியில் மொஹிதீனின் கைக்கடிகாரத்தையும் பல் செட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பல் செட்டை ஸுபைதா வழக்கமான கிளாஸில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, வழக்கமான சுவர்த் தட்டிலேயே வைத்தாள். காலையில் தண்ணீரும் மாற்றினாள். ஏன் என்று அவளைக் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

ஆக, பூனைதான் மிச்சம். குட்டியாக வந்த முதல் நாளே அடுக்களை டின்னைக் கவிழ்த்து மாசிக் கருவாட்டை இழுத்துக்கொண்டு ஓடியதால் அதற்கு மாசி என்று பெயர் வைத்தவர் மொஹிதீன். அவர் செல்லம் அது. அவர் போனதோடு அது சாப்பாட்டை விட்டது. ஸுபைதா பொரித்த மீன் வைத்தாள். தட்டுவரை ஓடி வந்தது, முகர்ந்தது, ஒரு வாய் கடித்தது, பேயைக் கண்டதுபோல் சீறிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. மகன் சொல்லி, கடையிலிருந்து பூனைத்தீன் வந்தது. கொறிக்கிற மணி மணியான தீன். அதையும் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை உதறியது. வைத்த பாலை மட்டும் எப்போதாவது இரண்டு நக்கு நக்கும்.

"தின்னு, என்ட புள்ள," என்று கெஞ்சுவாள். "எனக்கும்தான் தொண்டைக்குள்ள எறங்குதில்ல. நான் தின்னல்லயா?"

கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு கண்கள் அவளையே பார்க்கும். அவள் தரையில் பாயைப் போட்டு, அதன் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவரைத் தேடுகிற இன்னொரு உயிர் இந்த வீட்டில் இருக்கிறதென்று நினைக்கும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாகும். பூனை மெலிந்துகொண்டே வந்தது. முதுகெலும்பு கையில் தட்டியது. ஆனால் தனக்குத் துணை கிடைத்த ஆறுதலில் அது எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதை அவள் முழுதாகப் பார்க்கவில்லை. பஸ்லியாவோ, "விடுங்க மதினி, இத்தா முடிஞ்சா அதுவும் தின்னும்," என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நல்ல மனசு மட்டும் இருந்தால் பூனையின் வயிறு நிறையுமா?

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு சாரத்தால்.

மொஹிதீன் கடைசியாக இடுப்பிலிருந்து கழற்றிப் போட்ட சாரம் அது. ஸுபைதா அதைக் கழுவவில்லை. கட்டில் தலைமாட்டில் மடித்து வைத்திருந்தாள். அஸர் தொழுத கையோடு அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள். அவருடைய வேர்வையும், கடை ரப்பர் வாசமும், கொஞ்சம் பீடியும். பஸ்லியாவுக்குக்கூட இது தெரியாது. அன்றைக்கு எடுத்து முகத்தில் வைத்தவள் குமட்டிக்கொண்டு எறிந்தாள். அழுகல் நாற்றம்! விரித்துப் பார்த்தால் சாரம் முழுக்க மஞ்சள் எச்சில், நடுவில் ரத்தத் திட்டு. பூனை மேலே ஏறி அதில் படுத்திருக்கிறது.

அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "பாவி! அவர்ட வாசம் அதில மட்டும்தானே ஈந்திச்சி!" என்று கத்திக்கொண்டே, கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பூனையைக் கழுத்தில் பிடித்து இழுத்தாள். அது வலியில் வாயைப் பிளந்து அலறியது. அப்போதுதான் பார்த்தாள். பல்லைச் சுற்றி முரசு முழுக்க ரத்தச் சிவப்பு. கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் கல்போல ஏதோ படிந்திருந்தது. ஒரு பல் பாதி உடைந்து, அடியில் சீழ்.

ஸுபைதா பிடியை விட்டாள். துக்கத்துக்குப் பல் உடையுமா? சீழ் வருமா?

பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகத்துக்குப் போனாள் என்று சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் கேட்டு நடுங்கியவள் அவள். தான் கட்டி வைக்கவில்லைதான். ஆனால் இத்தா என்று பேரை வைத்துப் பட்டினி போட்டாளே!

மறுநாள் விடிந்ததும் பிஸ்கட் பெட்டியில் பழைய துண்டை விரித்துப் பூனையை வைத்தாள். பஸ்லியா வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"மதினி, இத்தாவோட ரோட்டுல எறங்கப் போறீங்களா? ஊரு என்ன பேசும்? பெட்டியக் குடுங்க, நான் கொண்டு போறேன்."

"ஒன்ட கையில நிக்குமா அது? பகல்ல, அவசியத்துக்குப் போகலாம். உயிர் போற அவசியம். ஊரு பேசட்டும். ஊரு பேசித்தானே இது இந்தக் கதிக்கு வந்தீக்கி!"

பஸ்லியா வாயை மூடிக்கொண்டாள். அது அபூர்வம். மூடிய வாயோடு அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

மிருக வைத்தியர் சிவரூபி யாழ்ப்பாணத்துப் பெண். பதுளைக்கு மாற்றலாகி வந்தவள். முன்னால் இரண்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் போன பிறகு இவர்கள் முறை வந்தது. பூனையின் உதட்டை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள், முகம் சுளிக்கவில்லை.

"எப்ப துடக்கம் சாப்பிடேல்லை?"

"இவட மாப்பிள்ள மவுத்தானதிலிருந்து, டொக்டர். அவரத் தேடி ஏங்கிப் போச்சு," என்றாள் பஸ்லியா. பழக்கம் விடுமா?

"ஏக்கமில்லை. பல்லு." சிவரூபி ஸுபைதாவைப் பார்த்துச் சொன்னாள். "பசி இருக்கு அம்மா, நல்லாவே இருக்கு. கடிக்கத்தான் ஏலாது. பூனை நோவை வெளியில காட்டாது, ஒளிச்சுப் படுக்கும். ஆனா இது நேற்று முந்தநாள் வந்த வருத்தமில்லை. ஒரு வருசமெண்டாலும் இருக்கும். இவ்வளவு காலமும் எப்பிடிச் சாப்பிட்டவா?"

ஸுபைதாவுக்குப் பதில் தெரிந்திருந்தது.

மொஹிதீன் கடையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் பல் செட்டைக் கழற்றிக் கிளாஸில் போடுவார். அது அவருக்கு முரசைக் கடிக்கும். பிறகு பொக்கை வாயோடு உட்கார்ந்து, சோற்றையும் பருப்பையும் மீனையும் முள் எடுத்து, விரலால் மசித்து மசித்துக் களியாக்குவார். அந்தக் களியில் ஒரு பிடி அவருக்கு, ஒரு பிடி மாசிக்கு. "பூனைக்கு இப்படி ஊட்டுற மனுசனை ஒலகத்தில பார்த்தில்ல," என்று ஸுபைதா ஏசுவாள். அவர் சிரிப்பார். "நீ சும்மா இரி. பல்லில்லாத ரெண்டு பேரு ஒண்டாத் தின்றோம். ஒனக்கென்ன தெரியும்?"

பகிடி என்றுதான் நினைத்திருந்தாள். அவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் போன பிறகு அந்த வீட்டில் சோறு மசிக்க ஆளில்லை. அவ்வளவுதான் நடந்தது.

"மெலிஞ்சு போச்சு," என்றாள் சிவரூபி. "மயக்கித்தான் பல்லுப் புடுங்க வேணும். தாங்குமோ எண்டு உறுதியாச் சொல்லேலாது. புடுங்காட்டி பட்டினியிலயே போயிடும். என்ன செய்வம் அம்மா?"

"புடுங்குங்க மகள்," என்றாள் ஸுபைதா. "எப்படியாச்சும் திருப்பித் தாங்க. வீட்டில வேற ஆளில்ல."

பின்னேரம் வரச்சொல்லி அனுப்பினார்கள். பஸ்லியா தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டும் ஸுபைதா போகவில்லை. அவர் மவுத்தான பிறகு அந்த வீட்டில் பூனைகூட இல்லாமல் அவள் இருந்தது அன்றைக்குத்தான். கட்டிலுக்கடியைப் பார்த்தாள், வெறும் தரை. சாரத்தை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கசக்கினாள். எச்சில் போயிற்று, ரத்தம் போயிற்று, மனுசனும் போய்விட்டார். கொடியில் போட்டுவிட்டு அதற்குக் கீழேயே குந்தி, வாய்விட்டு அழுதாள். மவுத்து வீட்டில் அத்தனை பேருக்கு நடுவிலும் அப்படி அழுததில்லை.

பூனை பிழைத்தது. கடைவாய்ப் பற்கள் போய், தலை ஆட, தள்ளாடிக்கொண்டு பெட்டிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தது. "கொஞ்ச நாளைக்கு எல்லாம் மசிச்சுக் குடுங்கோ," என்று மருந்தும் தந்து அனுப்பினாள் சிவரூபி.

ஸுபைதா மசித்தாள். முதல் தடவை கட்டி கட்டியாக வந்தது. மாசி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி உட்கார்ந்து, பெருவிரலால் அழுத்தி, முள் தேடி, வெந்நீர் தெளித்து மசித்தாள். விரல் கடுத்தது. இவ்வளவு வேலையா செய்தார் இந்த மனுசன், ஒவ்வொரு நாளும், நான் ஏச ஏச? களியை நீட்டினாள். மாசி நக்கியது, நின்றது, பிறகு தட்டை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை. தட்டு நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டியது. ஸுபைதாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. போனில் நப்ரீஸுக்குக் காட்டினாள். அவனும் அங்கே சிரித்தான்.

சந்தோசத்துக்குள்ளேதான் முள்ளும் இருந்தது. புண் ஆறியது. மாசி கொழுத்தது. களி வேண்டாம், மீன் துண்டே போதும் என்றாயிற்று. கட்டிலுக்கடிக்கு அது போவதே இல்லை. வெயில் விழும் அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்து, கூரைக் குருவிகளைப் பார்த்துத் தாடையை ஆட்டியது. மொஹிதீன் உட்காரும் கதிரையை ஒரு தடவைகூட முகர்ந்து பார்க்கவில்லை. பழக்கத்தில் ஸுபைதா ஒரு பிடி மசித்து வைப்பாள். அது தொடாது. வீணாக்கக் கூடாதென்று அதை அவளே தின்றாள்.

இத்தா முடிந்த அன்று பெண்கள் வந்தார்கள். வட்டிலப்பம் வந்தது, கட்லட் வந்தது, சாயத் துணிகள் வந்தன. மாசி ஒவ்வொரு மடியாக ஏறிக் கட்லட் கேட்டது. அதைப் பார்த்து ஷம்ரா கையைத் தட்டிச் சிரித்தாள். அடுத்த தெருவில் இருப்பவள், சங்கதி தெரியாது.

"அல்ஹம்துலில்லாஹ்! ராத்தாவோட சேர்ந்து பூனையும் இத்தா முடிச்சிட்டுது போல!"

பஸ்லியா தலையைக் குனிந்துகொண்டாள். ஸுபைதா தேத்தண்ணிக் கோப்பைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்து முடித்தாள். அவசரப்படவில்லை.

"இல்ல புள்ள," என்றாள். "அதுக்குப் பல்லு வலி. இத்தா இருந்தது நான் மட்டும்தான்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஸுபைதா எழுந்து உள்ளே போனாள். சுவர்த் தட்டில் பல் செட் போட்ட கிளாஸ் இருந்தது. காலையிலிருந்த பரபரப்பில் மறந்துபோயிருந்தாள். தண்ணீரை மாற்றி வைத்துவிட்டு வந்தாள்.